கீழ்வீட்டு லைன்

வெக்ஸ்போர்ட்,
12.01.2025

அன்புள்ள மங்கை மச்சாளுக்கு,

ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். வட்ஸ்அப்பில் உங்களுக்கு எழுதுவதெல்லாம் உடனே பருத்தித்துறைக்கு, இவரின் காதுக்குப் போய்விடுகிறது. போன கிழமை இடியப்பம் கொஞ்சம் இறுகிவிட்டது என்று உங்களுக்கு விளையாட்டாக எழுதினேன். அன்றைக்கே உங்கள் தம்பி என்னிடம், "அக்கா ஆசையாய்த் தந்ததுக்கும் நொட்டை சொன்னனியாம்" என்று கேட்கிறார். அதனால் இனி எனக்கும் உங்களுக்கும் பேப்பர்தான். கீழே என் பேஸ்மென்ற் கதவுக் கைபிடியில் ஒரு பையைக் கொழுவியிருக்கிறேன். பதிலையும் அதற்குள்ளேயே போட்டுவிடுங்கள்.

விஷயம் இன்ரநெற். பகலில் ஒரு குறையும் இல்லை. இரவு எட்டு மணிக்கு நான் இவரோடு கதைக்கத் தொடங்கினால் மட்டும் லைன் நிற்காது. அங்கே அப்போது விடிய ஆறரை, அவர் வேலைக்கு வெளிக்கிட முதல் எங்களுக்குக் கிடைக்கிற நேரம் அதுதான். இரண்டு வார்த்தை கதைப்பதற்குள் அவரின் முகம் அப்படியே நின்றுவிடும். சத்தமும் போய்விடும். கொஞ்ச நேரத்தில் வரும், திரும்பப் போகும்.

இதை ஒரு சின்னக் கரைச்சலாக நினைக்க வேண்டாம். கலியாணம் முடித்து ஒரு மாதம்கூட நாங்கள் ஒன்றாக இருக்கவில்லை. லீவு முடிந்து நான் இங்கே ரொறன்ரோவுக்குத் திரும்பிவிட்டேன், அவரை இங்கே கூப்பிடுகிற ஸ்பொன்சர் அலுவல் இழுபட்டுக்கொண்டு கிடக்கிறது. எங்கள் குடித்தனம் முழுக்க அந்த லைனில்தான் நடக்கிறது, மச்சாள். இப்போது அவர், "உண்மையா அறுந்ததோ, இல்லாட்டி நீ அறுத்தனியோ?" என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

மோடம் உங்கள் அடுக்களையில் இருப்பதால் கேட்கிறேன். அதில் யாராவது கை வைக்கிறார்களா?

இப்படிக்கு,
சாம்பவி

வெக்ஸ்போர்ட்,
13.01.2025

அன்புள்ள சாம்பவி,

உமது கடிதம் கிடைத்தது. கையெழுத்து வடிவாக இருக்கிறது. பதினைந்து வயதில் இந்த நாட்டுக்கு வந்த பிள்ளை இவ்வளவு தமிழ் எழுதுவது சந்தோஷம். உம்மைத் தம்பிக்கு நான் பார்த்து எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

"யாராவது கை வைக்கிறார்களா" என்று கேட்டிருக்கிறீர். இந்த மேல்வீட்டில் நானும் சுவாமி படங்களும்தான் இருக்கிறோம். படங்கள் இறங்கி வந்து மோடத்தில் கை வைப்பதாகத் தெரியவில்லை. ஆகவே நீர் கேட்க வந்தது என்னைத்தான் என்று விளங்குகிறது. நேரே கேட்டிருக்கலாம்.

நான் சொல்கிறேன், கேளும். மேலே லைனில் ஒரு பிழையும் இல்லை. இரவு ஏழரையில் இருந்து ஒன்பது வரைக்கும் ரிவியில் என் நாடகங்கள் ஓடுகின்றன. அவையும் அந்த இன்ரநெற்றில்தான் வருகின்றன. ஒரு நாளாவது நின்றதில்லை. அந்த மாமியார்காரி அழத் தொடங்கினால் அழுது முடிக்கும் வரைக்கும் ஓடுகிறது. ஒரே மோடம், ஒரே வீடு, மேலே ஓடுகிற லைன் படியிறங்கும்போது மட்டும் களைத்துப்போய் இருந்துவிடுமா?

தம்பி என்னிடமும் கேட்டான். "அக்கா, உங்கை நெற் இல்லையோ?" என்றான். நான் அவனுக்குப் பொய் சொல்ல முடியுமோ? "இஞ்சை நல்லா ஓடுது" என்றுதான் சொன்னேன்.

இன்னொன்று. வெள்ளிக்கிழமை எட்டே காலுக்கு லைன் அறுந்தது என்று தம்பிக்குச் சொல்லியிருக்கிறீர். அதற்குப் பிறகும் நீர் சிரித்த சத்தம் எனக்கு மேலே கேட்டது. லைன் இல்லாமல் யாரோடு சிரித்தீர் என்று நான் கேட்கவில்லை. கேட்கக்கூடிய ஆட்கள் கேட்டால் என்ன சொல்வீர் என்று மட்டும் யோசித்து வைத்துக்கொள்ளும்.

சாப்பாட்டுப் பெட்டிக்குள் மரக்கறிப் புட்டு இருக்கிறது. குளிர் கூட, காதை மூடிக்கொண்டு போம்.

அன்புடன்,
மங்கை மச்சாள்

வெக்ஸ்போர்ட்,
24.01.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

புட்டு நன்றாக இருந்தது. இதையும் உங்கள் தம்பிக்கு எழுதலாம்.

சிரித்தது உண்மை. அவர் கொட்டாவி விடுகிற நேரம் பார்த்துப் படம் நின்றுவிட்டது. வாயைத் திறந்தபடி, ஒரு கண் மூடியபடி, போன் நிறைய அந்த முகம். சிரிக்காமல் என்ன செய்வது? என் புருஷனைப் பார்த்துத்தான் சிரித்தேன். அதற்கும் விளக்கம் எழுத வேண்டி வரும் என்று நினைக்கவில்லை.

நீங்கள் எழுதிய பிறகு நான் சும்மா இருக்கவில்லை, இன்ரநெற் கொம்பனிக்கு எடுத்தேன். மோடத்தின் வயரைக் கழற்றி, கொஞ்சம் பொறுத்து, திரும்பச் செருகச் சொன்னார்கள். நீங்கள் பார்த்துக்கொண்டு நிற்கவே செய்தேன். பாஸ்வேர்ட்டை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். போனில் இருக்கிற வேண்டாததையெல்லாம் அழிக்கச் சொன்னார்கள், என் கலியாண வீடியோவைத் தவிர எல்லாவற்றையும் அழித்தேன். செவ்வாய்க்கிழமை பகல் கொம்பனியில் இருந்து அந்தத் தொப்பிக்காரப் பையன் வந்து, மைக்ரோவேவுக்கு மேலே குந்தியிருக்கிற மோடத்தையும் வெளியே வருகிற வயரையும் பார்த்து, கீழேயும் இறங்கி வந்து அளந்துவிட்டு, எல்லாம் திறம் என்று சொல்லிப் போனான். அன்றிரவு எட்டு மணிக்கு லைன் வழமைபோலப் போய்விட்டது.

போனின் சொந்தச் சிக்னல் பேஸ்மென்றுக்குள் எட்டாது, உங்களுக்குத் தெரியும். ஒருநாள் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு பனிக்குள் போய் நின்று கதைத்தேன். அவர், "இந்த நேரத்திலை வெளியிலை யாரோடை நிக்கிறாய்?" என்கிறார். உள்ளே இருந்தால் லைனை அறுக்கிறேன், வெளியே நின்றால் யாரோடோ நிற்கிறேன். எங்கே நின்றால் நான் நல்லவள் என்று யாராவது சொன்னால் அங்கே போய் நிற்கலாம்.

இனி நான் கவனித்ததைச் சொல்கிறேன். கோபித்தாலும் பரவாயில்லை.

கீழே படுக்கிறவர்களுக்கு மேல்வீட்டு நடை முழுக்கக் கேட்கும். எட்டு மணிக்கு நான் கதைக்கத் தொடங்குவேன். சரியாக அந்த நேரம் நீங்கள் முன்னறையில் இருந்து எழும்புவீர்கள். காலை இழுத்து இழுத்து அடுக்களை மூலைக்குப் போவீர்கள், மோடம் இருக்கிற மூலைக்கு. அங்கே ஒரு சின்னச் சத்தம். உடனே அவரின் முகம் நின்றுவிடும். கொஞ்ச நேரத்தால் திரும்பி நடப்பீர்கள், லைன் வந்துவிடும். ஒரு நாள் என்றால் தற்செயல். இது ஒவ்வொரு நாளும், ஒரு இரவில் மூன்று நாலு தரம்.

நாங்கள் கதைப்பதில் உங்களுக்கு என்ன கஷ்டம், மச்சாள்? நீங்கள்தானே எங்களைச் சேர்த்து வைத்தீர்கள்?

சாம்பவி

வெக்ஸ்போர்ட்,
25.01.2025

சாம்பவி,

உமது கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் கோபம் வந்தது. இரண்டாம் தரம் சிரிப்பு வந்தது. இப்போது திரும்பவும் கோபம் வருகிறது.

நான் என் வீட்டு அடுக்களைக்குள் நடப்பதற்கும் கீழ்வீட்டில் உத்தரவு கேட்க வேண்டுமோ? பனி தொடங்கிய நாளில் இருந்து என் வலது முழங்கால் என்ன பாடு படுத்துகிறது என்று உமக்குத் தெரியும். குந்தியிருந்தால் விறைக்கிறது, எழும்பினால் உளைகிறது. ஒத்தடத்துக்காக நாலு தரம் எழும்பி நடப்பேன், ஐந்து தரமும் நடப்பேன். நொண்டி நொண்டி மூலைக்குப் போய் உமது லைனைப் பிடுங்கி, நின்று களைப்பாறி, திரும்பச் செருகிவிட்டு வருகிறேன் என்றோ நினைத்தீர்? எனக்கு வேறு வேலை இல்லையோ? அதுவும் நாடகம் ஓடுகிற நேரம்?

பிடுங்கினால் என் ரிவியும்தானே நிற்க வேண்டும்? அதை யோசித்தீரா? படித்த பிள்ளை, மருந்துக்கடையில் ஆட்களுக்கு மருந்து எண்ணிக் கொடுக்கிற பிள்ளை.

நான் ஒன்று சொல்லட்டுமா? லைனை அறுக்கிற ஆள் கீழேதான் இருக்கிறார். ஏன் அறுக்கிறார் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். தம்பி மெலிந்து போனான். "அக்கா, அவளுக்கு என்னிலை விருப்பம் இல்லைப் போலை" என்று சொல்லுகிறான். அவனை நான் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனவள். அவன் குரல் உடைந்தால் எனக்கு நித்திரை வராது.

வியாழக்கிழமை இரவு நான் கீழே இறங்கி வருகிறேன். முழங்கால் போனாலும் பரவாயில்லை. உம்முடைய கட்டிலில் பக்கத்தில் இருந்துகொண்டு, லைன் எப்படி அறுகிறது என்று என் இரண்டு கண்ணாலும் பார்க்கிறேன்.

மங்கையற்கரசி

வெக்ஸ்போர்ட்,
31.01.2025

மச்சாள்,

நேற்று வந்தீர்கள், பார்த்தீர்கள். கதைக்கத் தொடங்கியதில் இருந்து அவர் வேலைக்கு வெளிக்கிடும் வரைக்கும் ஒரு தரமாவது நின்றதா? அவரின் சேர்ட்டில் இருந்த கறைகூடத் தெளிவாகத் தெரிந்தது.

நீங்கள் கீழே இருந்தீர்கள். மேலே ஒருவரும் இல்லை. லைன் அறவில்லை. இதற்கு மேல் நான் என்ன எழுத?

சாம்பவி

வெக்ஸ்போர்ட்,
31.01.2025 பின்னேரம்

சாம்பவி,

நானும் அதையேதான் கேட்க இருந்தேன். நான் பக்கத்தில் இருந்தேன். உமது கை போனில் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். லைன் அறவில்லை. பார்க்க ஆள் இருந்தால் ஓடுகிறது, இல்லாவிட்டால் அறுகிறது. இது என்ன லைனோ!

தம்பிக்கு உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன். "தெரியும் அக்கா" என்றான்.

உமது படிகள் செங்குத்து. முழங்கால் தேங்காய் மாதிரி வீங்கியிருக்கிறது.

மங்கை

வெக்ஸ்போர்ட்,
09.02.2025

என் அன்பான சாம்பவிக்கு,

நேற்று அடுக்களையில் நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோமே, அந்த முகத்தோடு நீர் கீழே இறங்கிப் போய்விட்டீர். அதற்குப் பிறகு நான் கதவைத் தட்டினேன், திறக்கவில்லை. திறக்காதது நியாயம்தான். ஆனபடியால் எழுதுகிறேன்.

நடந்ததை எனக்கே நான் ஒருக்கால் சொல்லிப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. நீர் போனைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தீர். தம்பி போனுக்குள் இருந்து, "மோடத்தைக் காட்டு, லைற் எரியுதோ பாப்பம்" என்று கேட்டுக்கொண்டிருந்தான். நீர் ஒரு பொலிஸ்காரருக்குக் காட்டுகிற மாதிரிப் போனை நீட்டிப் பிடித்தபடி நின்றீர். நான் உம்மைப் பார்க்காத மாதிரி வந்து, முழங்கால் ஒத்தடத்துக்கு உப்பு மூட்டையை மைக்ரோவேவுக்குள் வைத்து, பட்டனை அமத்தினேன். "சாம்பவி, அந்த..." என்று சொன்ன தம்பி அப்படியே நின்றுவிட்டான். கை ஒன்று தூக்கினபடி நின்றது.

நீர் என்னைப் பார்த்தீர். நான் மைக்ரோவேவைப் பார்த்தேன். கதவைத் திறந்தேன், தம்பி வந்தான். மூடி அமத்தினேன், தம்பி போனான். அப்போதுதான் எனக்கு விளங்கியது, பிள்ளை.

இன்றைக்குக் காலமை நானே கொம்பனிக்கு எடுத்தேன். அங்கே போனை எடுத்த பெட்டைப்பிள்ளை கேட்டுவிட்டுச் சிரித்தாள். மைக்ரோவேவ் ஓடும்போது வருகிற அலையும் வைஃபை அலையும் ஒரே பாதையாம். மோடத்தை அதற்கு மேலேயே தூக்கி வைத்தால் எப்படி என்று கேட்கிறாள். புதுப் போன்களுக்கு வேறொரு பாதையும் இருக்குதாம், உம்முடைய பழசுக்கு இல்லையாம். என் ரிவிக்கு நேரே வயர் போகுதாம், அதனால்தான் என் நாடகத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை. பகலில் வெயில் வருகிற யன்னலுக்குப் பக்கத்தில் இருப்பேன், கால் உளையாது, ஒத்தடம் இல்லை. இரவில் உப்பு ஆற ஆற எழும்பிப் போய்ச் சுடவைப்பேன். நீர் எண்ணின நடை எல்லாம் உண்மை. நான் பார்த்த நாடகமும் உண்மை. உம்மோடு கீழே இருந்த அன்றைக்கு ஒத்தடம் பிடிக்கவில்லை, அதனால் லைன் ஓடியது. அதை வைத்துக்கொண்டும் நான் உம்மையே குற்றவாளி ஆக்கினேன்.

உம்மைச் சந்தேகப்பட்டது பெரிய பிழை. அதைவிடப் பெரிய பிழை, என் சந்தேகத்தை அவன் காதுக்குள் ஒவ்வொரு நாளும் ஊற்றியது. எனக்கு வெட்கமாக இருக்கிறது, சாம்பவி. இந்த ஐம்பத்தெட்டு வயதுக்குள் நான் இப்படி வெட்கப்பட்டது இல்லை.

தம்பிக்கு எடுத்துச் சொல்லிவிட்டேன். "அவள் ஒரு நாளும் பொய் சொல்லேல்லையடா, உங்களுக்கு நடுவிலை நிண்டது என்ரை உப்பு மூட்டைதான்" என்றேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரி அக்கா" என்றான். சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். வேலைக்கு நேரம் போய்விட்டது போல.

மோடத்தை முன்னறைக்கு மாற்றிவிட்டேன். நாளைக்கு ஒரு ஆள் வந்து உமது அறைக்கும் தனியாக ஒரு இன்ரநெற் பெட்டி பூட்டிவிடுவார். இனி நீர் விரும்பின மட்டும் கதைக்கலாம். மேலே வந்து என்னோடு சாப்பிடும், பிள்ளை. சாப்பாட்டைப் பெட்டியில் கட்டி வைக்க எனக்கு மனம் இல்லை.

உம்முடைய,
மங்கை மச்சாள்

ஸ்ரௌவ்வில்,
16.03.2025

அன்புள்ள மங்கை மச்சாளுக்கு,

நீங்கள் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து என் சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவு வரவில்லை. நீங்கள், "இரும் பிள்ளை" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் இருந்திருப்பேன். என்னோடு வேலை செய்கிற யூஜினி தன் தாயோடு இருக்கிற வீட்டில் எனக்கு ஒரு அறை தந்திருக்கிறாள். வேலைக்குப் போய்வர நெடுந்தூரம் கார் ஓட வேண்டும். பழகிவிடும்.

உங்களில் கோபம் இல்லை. இருந்தது, நிறைய இருந்தது. நீங்கள் அந்தக் கடிதத்தை எழுதி, கால் வலியோடு படி இறங்கி, தோசையும் கொண்டு வந்து, கண் கலங்கி நின்றபோது போய்விட்டது. மேலே உங்களோடு இருந்து சாப்பிட்ட அந்தக் கொஞ்ச நாளும் அந்த வீட்டில் எனக்கு ஒரு அக்கா இருந்தார்.

புதுப் பெட்டி பூட்டிய அன்றிரவு லைன் கண்ணாடி போல இருந்தது. நீங்கள் கீழே வந்த அந்த இரவைத் தவிர, ஊரில் இருந்து வந்த பிறகு நான் அவரை இவ்வளவு தெளிவாகப் பார்க்கவே இல்லை. முதல் கதையே, "போனைச் சுத்திக் காட்டு" என்றார். என் அறையைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று நினைத்துச் சந்தோஷமாகச் சுற்றிக் காட்டினேன். கட்டிலுக்குக் கீழே காட்டச் சொன்னார். பகிடி என்று நினைத்துக் குனிந்து காட்டினேன். அடுத்தநாள் குளியலறைக் கதவைத் திறக்கச் சொன்னார். அதற்கடுத்த நாள் கைப்பையைக் கொட்டச் சொன்னார். ஒவ்வொரு இரவும் காட்டினேன், மச்சாள். காட்டி முடித்தால் நம்பிவிடுவார் என்று நினைத்தேன். காட்டக் காட்ட, காட்டாத இடம் எது என்று அவர் தேடிக்கொண்டே போனார்.

உங்கள் உப்பு மூட்டையை நான் எடுத்துச் சொன்னபோது என்ன சொன்னார் தெரியுமா? "அக்காவையும் என்னவோ செய்து உன்ரை பக்கம் எடுத்துப்போட்டாய்" என்றார். உங்களிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னொன்றும் எனக்கு விளங்கியது. லைன் அறுந்த காலத்தில் அவர் வசனங்கள் பாதியில் நின்றுவிடும். மிச்சத்தை நான் நிரப்பிக்கொள்வேன். "நீ அங்கை தனிய என்ன செய்யிறாய்" என்று கேட்டு நின்றுவிட்டால், பாவம், என்னை நினைத்துக் கவலைப்படுகிறார் என்று படுத்துவிடுவேன். இப்போது முழுதாகக் கேட்டேன். "நீ அங்கை தனிய என்ன செய்யிறாய் எண்டு எனக்குத் தெரியாது எண்டு நினைக்காதை." "அக்கா மேலை இருக்கிறபடியால்" என்பதற்குப் பிறகு, நிம்மதியாய் இருக்கிறேன் என்று வரும் என எண்ணியிருந்தேன். "உன்னைச் சும்மா விட்டு வைச்சிருக்கிறன்" என்று வந்தது. அவ்வளவு காலமும் நான் குடித்தனம் நடத்தியது நானே நிரப்பிக்கொண்ட அந்த மிச்சப் பாதியோடுதான்.

நீங்களும் என்னைச் சந்தேகப்பட்டீர்கள், நானும் உங்களைச் சந்தேகப்பட்டேன். எங்கள் இருவருக்கும் காரணம் ஒன்று தேவைப்பட்டது. காரணம் பிழை என்று தெரிந்த அடுத்தநாளே நாங்கள் ஒரு தட்டில் சாப்பிட்டோம். அவருக்குக் காரணம் தேவையே இல்லை. லைன் பழுதாக இருந்தபோது அதைச் சொன்னார், இப்போது வேறு ஒன்றைச் சொல்கிறார். அவர் இங்கே வந்து இறங்கினாலும் என்னோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு போனைச் சுற்றிக் காட்டச் சொல்லிக்கொண்டேதான் இருப்பார். எனக்கு அந்த வாழ்க்கை வேண்டாம். ஸ்பொன்சரை நிற்பாட்டச் சொல்லி எழுதிப் போட்டுவிட்டேன். உங்கள் தம்பி, நீங்கள் தூக்கி வளர்த்த பிள்ளை. உங்களுக்கு வலிக்கும். எனக்கும் வலிக்கிறது. அந்தக் கொட்டாவி முகத்தைப் பார்த்து நான் உண்மையாகத்தான் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உங்களைக் கோயிலுக்குக் கூட்டிப்போக எனக்கு விருப்பம். கதவைத் திறப்பதும் விடுவதும் உங்கள் மனம்.

ஒரேயொரு உதவி கேட்கிறேன். அவர் உங்களுக்கு எடுத்து, "அவள் ஏன் எடுக்கிறாள் இல்லை, லைன் பிழையோ?" என்று கேட்பார். அவரில் இரக்கப்பட்டோ என்னில் இரக்கப்பட்டோ, ஓம் தம்பி, லைன்தான் பிழை என்று சொல்லிவிடாதீர்கள். லைன் நன்றாக இருக்கிறது, அவள்தான் கதைக்கவில்லை என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
சாம்பவி